அணைக்கிற பாடம் முதலில்

"எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர்." ஆட்டிசம் உள்ள குழந்தையின் வீட்டில் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்லிக்கொண்டே குழந்தையின் கையைத் திருப்பிக் காட்டுவார்கள். குக்கர் மூடி பட்ட தழும்பு, ஊதுபத்தி பட்ட புள்ளி, இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட கோடு.

நான் அந்தக் குழந்தையிடமே கேட்பேன். "அடுப்பு என்ன பண்ணும்?"

"அடுப்பு சுடும். தொடக் கூடாது." பேசுகிற குழந்தை என்றால் டக்கென்று பதில் வரும், அதுவும் அம்மா சொல்கிற அதே ராகத்தில். மண்டையில் நன்றாகவே ஏறியிருக்கிறது. அங்கிருந்து கைக்கு இறங்கவில்லை. அதை இறக்குவது எப்படி என்று பல வீட்டு அம்மாக்கள் கேட்டதால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறப்பாசிரியை. வட்டார வள மையத்திலிருந்து, பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. படித்தது முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக 2005-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நிறுவனத்தில். நிப்மெட் என்று அதன் சுருக்கப் பெயரைச் சொன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் கடல், நடுவில் படிப்பு. இப்போது நான் சுற்றுகிற ஊர்களும் அப்படித்தான். செங்கல்பட்டில் ரயில் ஜன்னலை ஒட்டியே கொளவாய் ஏரி. திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தம். மாமல்லபுரத்துக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே கடல். இந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தாலும் தண்ணீரில் போய்த்தான் நிற்க வேண்டும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மண்டையில் ஏறியது ஏன் கைக்கு இறங்குவதில்லை என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ரேமண்ட் மில்டன்பெர்கர் என்கிற நடத்தையியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 4, 5 வயதுப் பிள்ளைகள். ஆட்டிசம் எல்லாம் இல்லை. அந்த நாட்டில் பல வீடுகளில் துப்பாக்கி இருப்பதால், "துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவரிடம் சொல்" என்று கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் அழகாகத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் குழந்தை தனியாக இருக்கும்போது, செயலிழக்க வைத்த துப்பாக்கி ஒன்றை அதன் கண்ணில் படும்படி வைத்துவிட்டு மறைவாகப் பார்த்தார்கள். சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்குச் செய்யத் தெரியவில்லை. பொருள் இருக்கும் இடத்திலேயே, தவறு நடந்த அந்த நொடியிலேயே உள்ளே போய், அங்கேயே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தபோதுதான் பழகியது. சாதாரணக் குழந்தைக்கே இந்தக் கதி. சமையலறையில் கற்றதை அடுத்த அறைக்குக்கூடத் தானாக எடுத்துப் போகாத நம் பிள்ளைகளுக்கு, வாயால் சொல்லும் பாடம் எந்த மூலைக்கு?

அதனால் என் முதல் வேலை பாடம் நடத்துவதே இல்லை. வீட்டைச் சுற்றி வருவேன். கற்றுக்கொடுக்கவே கூடாத சில பொருள்கள் இருக்கின்றன, அவை வீட்டை விட்டே போக வேண்டும். பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கும் ராடு ஹீட்டர் அதில் முதலாவது. அதைப் பாதுகாப்பாகக் கையாளுவது எப்படி என்று எந்தக் குழந்தைக்கும் நான் சொல்லித்தர மாட்டேன். எடுத்துவிடுங்கள். மெயின் பாக்ஸில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் கருவியை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். நம் பிள்ளைகள் பாட்டிலின் உருவத்தை நம்புகிறவர்கள். அந்த உருவத்தில் இருந்தால் அவர்களுக்கு அது குடிக்கிற பொருள்தான். சாமி அறையில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் கற்பூரமும் அப்படியே. பார்வைக்குக் கற்கண்டு. விழுங்கினால் வலிப்பு வரும். மண், சாக்பீஸ், சுண்ணாம்பு என்று எதையும் வாயில் போடும் குழந்தை என்றால் கற்பூர டப்பா பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். சம்ப் மூடிக்கும் பூட்டு, கிணற்றுக்குக் கம்பி வலை. இதில் எல்லாம் குழந்தையின் திறமையைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

மீதி இருப்பவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வீடுகள் நின்றுவிடுகின்றன. "எதுக்கு டீச்சர் அடுப்பாண்டை விடணும்? நான் இருக்கேன் இல்ல?" என்று செங்கல்பட்டில் ஒரு பாட்டி கேட்டார். பேரனுக்கு 13 வயது. பாட்டிக்கு முழங்கால் வலி, அம்மா வேலைக்குப் போகிறார். பாட்டியின் கேள்வியில் இருந்த பாசத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் வளர்ந்துகொண்டே இருக்கிறான். மேல் அலமாரி அவனுக்கு எட்டுகிறது. தாழ்ப்பாள் எட்டுகிறது. லைட்டரை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிறான். ஒளித்துவைப்பது 5 வயதுக்குச் சரி, 13 வயதில் அது நடக்காது.

அவனுக்கு அணைக்கிற பாடத்தை முதலில் ஆரம்பித்தோம். பால் காய்ச்சுவதில் உள்ள படிகளை நானும் அவன் அம்மாவும் உட்கார்ந்து எழுதினோம். பாத்திரம் எடுப்பது, பால் ஊற்றுவது, பற்றவைப்பது, பொங்கும்வரை பார்ப்பது, அடுப்பின் திருகை மூடுவது, இடுக்கியால் இறக்குவது, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவது. பிறகு அதைப் பின்னாலிருந்து தொடங்கினோம். மற்ற எல்லாவற்றையும் அம்மா செய்வார், கடைசியில் ரெகுலேட்டரை மூடுவது மட்டும் அவன் வேலை. அது பழகியதும் அதற்கு முந்தைய படி, அதன் பிறகு அதற்கும் முந்தையது. அணைக்கும் படிகள் எல்லாம் பழகிய பிறகுதான் பற்றவைப்பது வரும். இப்படிச் செய்வதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பாதியில் பாடம் நின்றுபோனாலும் குழந்தைக்குத் தெரிந்திருப்பது அணைக்க மட்டும்தான். எல்லாம் முடிந்து சிலிண்டர் மூடிய பின்புதான் அவன் டம்ளரில் பால் ஊற்றப்படும் என்பதால், ஒவ்வொரு தடவையும் அவன் செய்த வேலையோடு முடிகிறது. அந்தத் திருப்தி அவன் முகத்தில் தெரியும்.

கையைப் பிடித்துச் செய்ய வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் கைமேல் கை. அடுத்து முழங்கையை லேசாகத் தொடுவது. பிறகு விரலால் காட்டுவது மட்டும். அப்புறம் அதுவும் இல்லாமல் பக்கத்தில் நிற்பது. வாயால் "மூடு, மூடு" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். அந்தச் சொல்லும் ஒரு படியாக அவனுக்குள் பதிந்துவிடும். நீங்கள் சொல்லாத நாளில் அவன் மூட மாட்டான். சொல்லுக்குப் பதில் அடுப்பு மேடைக்கு மேலே போட்டோக்கள் ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் படம் வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்பு, உங்கள் வீட்டு இடுக்கி, அவனுடைய கை. செல்போனில் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு சோதனை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது அம்மா, போன் வந்ததுபோல ஹாலுக்கு நகர்ந்து, ஓட்டமாக வந்தால் தொடும் தூரத்தில் நின்று ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். அணைத்தானா? அணைத்தால் பாடம் கைக்கு வந்துவிட்டது. இல்லையா, உடனே உள்ளே போய் அதே இடத்தில் மறுபடியும். கோபம் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு இதையே குச்சி இல்லாத தீப்பெட்டியைக் கொண்டு செய்யலாம். தரையில் கிடக்கும் தீப்பெட்டியைக் கண்டால் தொடாமல் விலகி வந்து அம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும். பேசாத குழந்தை என்றால் தீப்பெட்டி படம் போட்ட அட்டையை எடுத்துவந்து கொடுத்தால் போதும். தீப்பெட்டியைப் போட்டுவிட்டு, கதவு இடுக்கில் நின்று பாருங்கள்.

அந்தச் செங்கல்பட்டுப் பையன் தன் வீட்டில் தேர்ந்த பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போனான். அங்கே திருகு வேறு பக்கம் திரும்பும். ஒன்றும் செய்யாமல் நின்றான். புதிதாகத் தொடங்கி அங்கேயும் கற்றுக்கொண்டான், இம்முறை சீக்கிரமாக. இண்டக்ஷன் அடுப்பு வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெருப்பு தெரியாது, ஆனால் பாத்திரத்தை எடுத்த பிறகும் அந்தக் கண்ணாடி சுடும். "நெருப்பு இருந்தால் சுடும்" என்று உறுதியாகக் கற்ற குழந்தை அதில் உள்ளங்கையை வைத்துவிடும்.

சுடுவதே சில குழந்தைகளுக்குச் சட்டென்று உறைப்பதில்லை. வலியும் சூடும் அவர்கள் உடம்பில் வேறு மாதிரி பதிகின்றன. அழுகைச் சத்தம் வராததால் காயம் பட்டதே மாலையில் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும். அதனால் குளியலில் "கையை விட்டுப் பார்" என்று கற்றுக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். இந்த வரிசையைப் பழக்குங்கள். வரிசையைப் பிடித்துக்கொள்வதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. கீசர் இருந்தால் 50 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே 5 விநாடியில் வேக வைத்துவிடும். பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

மாமல்லபுரத்தில் சிற்பிகள் தெருவில் ஒரு வீடு. வீட்டு வாசலே பட்டறை. உளிச் சத்தம் அந்தக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். பிரச்சினை கல் அறுக்கும் மெஷின். "சுத்தறது எதுவா இருந்தாலும் அவனுக்கு உசுரு டீச்சர். ஃபேனையே ஒரு மணி நேரம் பாப்பான்," என்றார் அப்பா. பையன் பிளேடை நோக்கிப் போவான், யாராவது கத்துவார்கள், தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள், அவன் அலறுவான். நாள் முழுக்க இதே கதை.

அவனைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, அவன் பார்ப்பதற்கு ஓர் இடம் செய்து கொடுத்தோம். மெஷினிலிருந்து நன்றாகத் தள்ளி, தூசி அடிக்காத பக்கமாகத் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் அவன் நாற்காலி. அங்கே அவன் பாதத்தின் வடிவத்தையே அப்பா தரையில் வரைந்து கொடுத்தார், சிற்பியின் கை அல்லவா, அச்சாக வந்தது. கண்ணாடியும் மாஸ்கும் போட்டு உட்கார்ந்தால்தான் மெஷின் ஓடும். காலை எடுத்துக் கோட்டைத் தாண்டினால் நின்றுவிடும். திட்டே கிடையாது. சில நாள் அப்பாவின் வேலை கெட்டது. பையனுக்குக் கணக்கு புரிந்தது. டீ குடிக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் பூட்டுவதை மட்டும் அப்பா கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பையனைவிட அவருக்கு அதிக நாள் பிடித்தது என்று அவர் மனைவி சொல்கிறார்.

எங்கே நிற்கலாம், என்ன செய்யலாம் என்று ஒன்றைக் கையில் கொடுக்காமல் வெறும் "கூடாது" மட்டும் சொன்னால், அந்தக் குழந்தை தன் ஆசையை எங்கேதான் கொண்டுபோய் வைக்கும்?

இனி தண்ணீர்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. 2012-இல் அமெரிக்காவில் பெற்றோர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், 49 சதவீதக் குழந்தைகள் 4 வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது அப்படிக் கிளம்ப முயன்றிருந்தார்கள். இன்னொரு எண் இதைவிடக் கொடியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2017-இல் அந்நாட்டு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசம் உள்ள 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி இறப்பது மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இதைப் படித்த பிறகு ஏரிக்கரையில் வீடு பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும்.

கிளம்புவதற்குக் காரணம் இருக்கும், அதைத் தேடுங்கள். திருப்போரூர் பக்கம் ஒரு பையன் எப்போதும் காலை எட்டு மணி வாக்கில்தான் வெளியே ஓடுவான். அந்த நேரத்தில் குக்கர் விசில் அடிக்கும். அவனுக்கு அது காதைக் கிழிக்கிற சத்தம். குக்கர் வைக்கும் முன் காதுக்கு ஹெட்போன் மாட்டி மொட்டை மாடி அறைக்கு அம்மாவோ அக்காவோ கூட்டிப்போனார்கள். ஓட்டம் நின்றது. கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அது நின்றிருக்காது.

கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு சின்னப் பெண். அப்பா விடியுமுன் கடலுக்குப் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போவார். உள்ளே தாழ்ப்பாள் போட ஆள் எழுந்திருக்காது. அவள் எழுந்து நேரே அலையோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். அந்த ஓசை அவளுக்கு ஆறுதல். அவள் பாட்டி ஒரு வழி செய்தார். பழைய சலங்கையைக் கதவின் மேல்பக்கம் கட்டிவிட்டார். கதவு அசைந்தால் தெருவுக்கே கேட்கும். அதோடு தினமும் சாயங்காலம் அம்மாவோடு கடலுக்குப் போவது என்று ஒரு நேரம் வைத்து, அதன் படத்தைச் சுவரில் ஒட்டினோம். கடல் உண்டு, சாயங்காலம் உண்டு, அம்மா கையைப் பிடித்தால்தான் உண்டு. மணலில் கயிறு போட்டு, கயிறு வந்தால் நிற்கப் பழக்கினோம். வெளியே பூட்டுகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே ஆள் இருக்கும்போது வெளிப்பக்கம் பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் வழி வேண்டும். உள்ளே பூட்டி, சாவியைப் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் ஆணியில் மாட்டுங்கள்.

நீச்சல் அவசியம் கற்றுக்கொடுங்கள், ஆழமில்லாத குளத்தில், தெரிந்த ஆளிடம். மல்லாந்து மிதக்கப் பழகுவதுதான் முதல் பாடம். போட்டிருக்கும் சட்டை, பேன்ட்டோடும் பழக்குங்கள். விழும்போது யாரும் நீச்சல் உடையில் இருப்பதில்லை. நீச்சல் தெரிந்துவிட்டது என்பதற்காக மாமல்லபுரத்துக் கடலில் இறக்கிவிடாதீர்கள். அந்த இழுவிசைக்குப் பெரிய நீச்சல்காரரே தாக்குப்பிடிக்க மாட்டார்.

குழந்தையைக் காணோம் என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். கிணறு, சம்ப், ஏரி, கால்வாய், பக்கத்து ரிசார்ட்டின் நீச்சல் குளம். ஒருவர் அங்கே ஓட, இன்னொருவர் 112-க்கு அடிக்கட்டும். இதை நடக்கும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரி வண்டி, எல்லாரிடமும் குழந்தையின் போட்டோவைக் கொடுங்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், துரத்தினால் இன்னும் ஓடுவான், முன்னால் போய் நின்று கையை நீட்டினால் பிடித்துக்கொள்வான் என்றும் சொல்லி வையுங்கள். ஆட்டிசம் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவரும் எஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவல் வழிதவறிப் போகும் இப்படிப்பட்ட ஒரு பையனைப் பற்றியதுதான். அதை வாசித்துவிட்டு உங்கள் தெருக்காரர்களுக்கும் கொடுங்கள், நான் பேசுவதைவிட நன்றாகப் புரியும்.

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினால் பிய்த்துப் போடும் குழந்தைகள் உண்டு. ஒரு வீட்டில் அரைஞாண் கயிற்றில் போன் நம்பர் பொறித்த சின்ன வெள்ளித் தகடு கோத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து இடுப்பில் இருக்கும் கயிறு என்பதால் குழந்தை தொந்தரவாக நினைக்கவில்லை. ஆனால் வழியில் பார்ப்பவருக்கு அது தெரியாது. அதனால் சட்டைக் காலரின் உள்ளேயும் நம்பரைத் தைக்கச் சொன்னேன்.

மறுபடியும் வீட்டுக்குள் வருவோம். கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் சேர்ந்து நடித்துப் பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குப் போன். குழந்தைக்கு இதில் ஒரே வேலைதான்: எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில், அல்லது எதிர்வீட்டுத் திண்ணையில், நீங்கள் குறித்து வைத்த அந்த ஒரே இடத்தில் நிற்பது. பயத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளியும் பிள்ளைகள் இருப்பதால் இதை விளையாட்டாகவே மாதம் ஒரு தடவை செய்யுங்கள். போய் நின்றதும் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று அங்கே கிடைக்க வேண்டும்.

மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். பெட்டியை இறக்கியதும் காபி குடிக்க உட்காராதீர்கள். முதலில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக் கிணற்றையும் அடுப்பையும் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளையும் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஒரு போட்டோ எடுங்கள். அன்று ராத்திரி அடுப்பை அணைப்பது அவன் வேலையாக இருக்கட்டும்.